சேறு தருவதுதான் பிடி

தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கமெல்லாம் கரிசல். நடுவில் தாமிரபரணி பாயும் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் வட்டாரத்தில் நஞ்சை. திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே போனால் குதிரைமொழித் தேரி, கண்ணுக்கெட்டிய மட்டும் சிவந்த மணல். ஐப்பசி மழை பிடித்த பிறகு நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு வடக்கிலிருந்து தெற்கே இறங்கினால், ஒரே நாளில் மூன்று விதமாக மாட்டிக்கொள்ளலாம். கரிசலில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது. நடவுக்காகச் சேறாக்கித் தொளி அடித்த வயலில் அச்சு வரைக்கும் இறங்கும். தேரியில் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். வண்டியும் மாறவில்லை, டயரும் மாறவில்லை. மாறியது மண் மட்டும்.

டயர் கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. 'எந்த எம்.டி. நல்லது?' என்று ஆரம்பிக்கும். எம்.டி. என்றால் மட் டெரெய்ன், சேற்றுக்கென்றே வார்த்த டயர். கட்டை கட்டையாக ரப்பர், நடுவே விரல் நுழையும் பள்ளங்கள், பக்கவாட்டுச் சுவரிலும் நீட்டிக்கொண்டிருக்கும் மேடுகள். பார்த்தாலே எதையும் தாண்டிவிடும் போலத் தெரியும். கம்பெனிப் பெயர், விலை, அளவு, தோற்றம் எல்லாம் பேசி முடித்துப் பணமும் கட்டியாகிவிடும். 'எந்தச் சேற்றுக்கு?' என்ற கேள்வி மட்டும் வராது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் மற்றதைப் பேசுவதில் அர்த்தமில்லை.

தார் ரோட்டில் சக்கரம் வழுக்கும்போது தோற்பது ரப்பர். ரோடு அப்படியே இருக்கும், ரப்பர்தான் தேய்ந்து கறுப்புக் கோடு போடும். சேற்றில் அது தலைகீழ். சிக்கி நின்ற வண்டியின் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். கட்டைகளுக்கு நடுவே சேறு அப்பி, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். வழுக்கல் நடப்பது ரப்பருக்கும் சேற்றுக்கும் இடையில் இல்லை. சக்கரத்தோடு போகும் சேற்றுக்கும் தரையோடு நிற்கும் சேற்றுக்கும் இடையில். மண் தன் உடம்புக்குள்ளேயே அறுந்துபோகிறது. ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரானாலும் மண் அறுபடும் எல்லைக்கு மேல் ஒரு கிலோகூடக் கூடுதலாக இழுக்க முடியாது. அந்த எல்லை வரைக்கும் போய்ச் சேர்வதுதான் நல்ல டயரின் வேலை.

மண் எப்போது அறுபடும் என்ற கணக்கு 250 வருடப் பழசு. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலம், மின்சார விதிக்காக நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே கூலம், மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிவிட்டு ஊர் திரும்பிய பிறகு 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை வைத்தார். மண்ணின் பலம் இரண்டு வழியில் வருகிறது என்றார். ஒன்று, துகளோடு துகள் ஒட்டிக்கொள்ளும் பலம். மேலே பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறாது. இன்னொன்று, துகளோடு துகள் உரசும் பலம். மேலிருந்து எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு அது கூடும். கோட்டைச் சுவருக்குப் பின்னால் கொட்டிய மண் சரியாமல் நிற்குமா என்பதுதான் அவருடைய கவலை. சக்கரத்துக்கு அதைப் பயன்படுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதைத் தனித் துறையாகவே வளர்த்தவர் மெச்சிஸ்வாஃப் பெக்கர் என்ற போலந்துக்காரர். தரையில் வாகனம் ஊர்வதன் கோட்பாடு பற்றிய அவருடைய புத்தகம் 1956இல் வந்தது. பிற்பாடு ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது நிலவில் ஓட்டும் வண்டியின் சக்கரத்துக்கும் அவர் மூளை உழைத்தது. 1971இல் அப்போலோ 15 எடுத்துப்போன அந்த வண்டிக்கு ரப்பர் டயரே கிடையாது. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியை வலையாகப் பின்னி, அதன்மேல் டைட்டேனியம் பட்டைகளை அம்புமுனை வடிவத்தில் பதித்திருந்தார்கள். வலையின் பாதிப் பரப்பைத்தான் பட்டைகள் மூடின. எவ்வளவு மூடுவது, எவ்வளவு திறந்து விடுவது என்பதுதான் அங்கே கேள்வி. எம்.டி. டயரில் ரப்பர் எவ்வளவு, பள்ளம் எவ்வளவு என்று அடித்துக்கொள்வதும் இதே சண்டைதான்.

கூலம் சொன்ன இரண்டு பலத்தில் கரிசல் சேற்றுக்கு முதலாவது மட்டும்தான் உண்டு. தேரி மணலுக்கு இரண்டாவது மட்டும். இதை எண்களில் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும்.

வண்டி 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 450 கிலோ. டயரில் காற்று 30 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. டயர்ச் சுவரின் விறைப்பை விட்டுவிட்டால் ஒவ்வொரு சக்கரமும் தரையில் பதியும் பரப்பு 214 சதுர சென்டிமீட்டர். ஊறிய களிமண் அறுபடும் பலம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் இருந்தால் அது மோசமான சேறுதான், ஆனால் அபூர்வமானதல்ல. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து அந்த மண் தாங்கும் மொத்த இழுவை 86 கிலோ. அவ்வளவேதான். 1,800 கிலோ வண்டியை 86 கிலோ பலத்தில் சேற்றுக்குள்ளிருந்து இழுக்க வேண்டும். எஞ்சின் 100 குதிரைத்திறனா 200 குதிரைத்திறனா என்பதெல்லாம் இங்கே வெறும் பேச்சு. இப்போது காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். பரப்பு இரட்டிப்பாகும், இழுவையும் 170 கிலோவுக்கு ஏறும். ஒரு பைசா செலவில்லை.

அதே வண்டி காய்ந்த மணலில் நிற்கட்டும். மணலின் உராய்வுக் கோணம் 32 டிகிரி என்றால் தாங்கும் இழுவை வண்டி எடையில் 0.62 பங்கு, கிட்டத்தட்ட 1,100 கிலோ. இங்கே பரப்பு கணக்கிலேயே வராது. பாரம் ஏற்றினால் பிடியும் ஏறும். களிமண்ணில் ஏற்றிய பாரம் வண்டியைப் புதைக்க மட்டும்தான் உதவும். மணலில் சிக்கிய வண்டியின் பின்னால் ஆளை ஏற்றி நிறுத்துகிற பழக்கம் சேற்றிலும் பலிக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

களிமண்ணில் ஏன் உராய்வு வேலை செய்வதில்லை? துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. மேலிருந்து பாரம் விழுந்தால் தண்ணீர் வழிவிட்டு ஒதுங்க வேண்டும், அப்போதுதான் துகளும் துகளும் உரசும். மணலில் கண நேரத்தில் ஒதுங்கிவிடும். களிமண்ணின் துளைகளோ மிக நுண்ணியவை. தண்ணீர் வெளியேற நாட்கள், வாரங்கள்கூட ஆகும். ஊர்ந்து போகிற வண்டியின் சக்கரம் ஓரிடத்தைக் கடக்கக் கால் நொடிகூட ஆவதில்லை. அந்தக் கால் நொடியில் பாரம் முழுவதையும் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. துகள்களுக்கு அப்படியொரு வண்டி போனதே தெரியாது.

கரிசல் இதிலும் ஒருபடி மேல். அதில் மாண்ட்மாரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். பிரான்ஸில் உள்ள மாண்ட்மாரில்லோன் ஊரின் பெயர் அதற்கு. ஒரு நானோமீட்டர் கனமுள்ள ஏடுகள் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து கட்டையே உப்ப வைக்கும். கோடையில் அந்தத் தண்ணீர் போய்விட்டால் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு கிராம் மாண்ட்மாரில்லோனைட்டின் ஏடுகளை எல்லாம் பிரித்து விரித்தால் பரப்பு 700 சதுர மீட்டரைத் தொடும். செம்மண்ணில் பொதுவாக உள்ள கயோலினைட்டுக்கு அது 10, 20 சதுர மீட்டர்தான். தண்ணீரைப் பிடித்துக்கொள்ளவும் ரப்பரில் ஒட்டிக்கொள்ளவும் கரிசலுக்கு இருக்கும் திராணி அந்தப் பரப்பிலிருந்து வருகிறது.

ஆய்வுக்கூடம் இல்லாமலே இதைக் கையில் பார்க்கலாம். ஒரு பிடி ஈரக் கரிசலை எடுத்து உருட்டி, கண்ணாடி மேலோ வழுவழுப்பான தரை மேலோ உள்ளங்கையால் திரி திரியுங்கள். பென்சில் கனம் வரும், பிறகு தீக்குச்சிக் கனம் வரும், அப்போதும் அறாது. மடித்து மறுபடி உருட்டலாம். உருட்ட உருட்ட ஈரம் கையோடு போய், ஒரு கட்டத்தில் 3 மில்லிமீட்டர்த் திரி துண்டு துண்டாக உதிரும். அந்த ஈரப்பதத்துக்குப் பெயரே இருக்கிறது: நெகிழ்வு எல்லை. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் அட்டர்பெர்க் 1911இல் வகுத்த சோதனை, இன்றைக்கும் ரோடு போடுகிற பொறியாளர்கள் செய்வது அதேதான். செம்மண்ணை அப்படி உருட்டினால் சீக்கிரம் உடைந்துவிடும். தேரி மணல் திரியே ஆகாது. வண்டியை இறக்குவதற்கு முன் இறங்கி ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்க்கிறவர், டயர் விளம்பரத்தில் கிடைக்காத தகவலைப் பெற்றுவிடுகிறார். நெகிழ்வு எல்லைக்குக் கீழே கரிசல் தார் ரோட்டுக்குச் சமம். அதைத் தாண்டி ஈரம் ஏற ஏற அதே மண் வாகனத்தின் எதிரியாகிவிடும்.

நடந்து பார்ப்பதும் நல்ல சோதனை. மென்களிமண் தாங்கும் பாரம் அதன் அறுபடு பலத்தைப்போல ஐந்து மடங்குக்குச் சற்று மேல். பிராண்டில் என்ற பொறியியலாளர் 1920இல் கணக்கிட்டுச் சொன்ன எண் 5.14. நம் மோசமான சேற்றுக்கு அது சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ. 70 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால் பாதத்தின் அழுத்தம் சுமார் 350 கிராம். தட்டுத் தடுமாறி நடந்துவிடலாம். 30 பிஎஸ்ஐ டயரின் அழுத்தம் அதைப்போல ஆறு மடங்கு. 15 பிஎஸ்ஐயில்கூட மூன்று மடங்கு. ஆளுக்குக் கணுக்கால் புதைகிற இடத்தில் ஜீப் நிற்காது. எந்த டயர் மாட்டியிருந்தாலும்.

அப்படியானால் எம்.டி. டயர் எதற்கு? அது உண்மையிலேயே பிரமாதமாக வேலை செய்யும் சேறு ஒன்று உண்டு. மழை தூறி ஓய்ந்த கரிசல் வண்டிப்பாதை. மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வழவழவென்று சோப்புக் குழம்பு, அடியில் மண் காய்ந்து கல்லாக இருக்கிறது. தார் ரோட்டு டயரின் பள்ளம் புதிதிலேயே 8 மில்லிமீட்டர்தான். முதல் சுற்றிலேயே சேறு அடைத்து மொட்டை டயர் ஆகிவிடும், வண்டி வழவழப்பின் மேலேயே நீந்தும். எம்.டி.யின் கட்டைகள் 15, 16 மில்லிமீட்டர் உயரம். குழம்பைத் துளைத்து அடியிலிருக்கும் கெட்டி மண்ணில் நகம் பதிக்கும். கெட்டி மண்ணின் அறுபடு பலம் குழம்பைப்போலப் பத்து மடங்கு, சமயத்தில் அதற்கும் மேல் இருக்கும். இந்த வித்தியாசத்துக்குத்தான் எம்.டி.க்குக் காசு கொடுக்கிறோம். ஆகவே கட்டையின் உயரத்தை நான் இப்படித்தான் படிப்பேன்: இந்த டயர் துளைக்கக்கூடிய சேற்றின் கனம் இவ்வளவு. பாதி தேய்ந்த எம்.டி. டயர் பாதி எம்.டி. இல்லை, சேற்றில் அது அநேகமாக ஒன்றுமே இல்லை.

துளைத்தால் மட்டும் போதாது. அடுத்த சுற்றுக்கு முன்னால் பள்ளத்தில் அப்பிய சேறு தெறித்து வெளியே போக வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் பள்ளத்தில் அடைத்த சேறு, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம் எடை. 31 அங்குல டயர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால், மையவிலக்கு விசை அந்தச் சேற்றை அதன் எடையைப்போல இரண்டு மடங்கு பலத்தில்தான் வெளியே தள்ளும், 5 கிராம் சொச்சம். சக்கர வேகம் 30 ஆனால் 18 மடங்கு, கிட்டத்தட்ட 50 கிராம். வேகம் மூன்று மடங்கு, தள்ளும் பலம் ஒன்பது மடங்கு. பழகிய ஓட்டுநர்கள் சேற்றில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றிவிடுவது இதற்காகத்தான். டயர் தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது. ஆனால் அதே சுழற்சி குழியும் தோண்டும். அடியில் கெட்டி இருந்தால் மிதிக்கலாம், இல்லையென்றால் மிதிக்க மிதிக்கக் கீழேதான் போகும்.

கடையில் எம்.டி. டயரைப் பார்க்கும்போது கட்டையின் மேல்பகுதியைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் விரலை விடுங்கள். பள்ளத்தின் சுவர் செங்குத்தாக இறங்குகிறதா, அடி குறுகி மேல் அகன்று சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் சேறு சுலபமாகக் கழன்று போகும். அடியில் சின்னச் சின்ன வரம்புகள் இருக்கும். கல் சிக்கிக்கொண்டு டயரைத் துளைக்காமல் தடுக்க. பள்ளம் நடுவிலிருந்து தோள்பட்டை வரைக்கும் தடையில்லாமல் ஓடி வெளியே திறக்கிறதா என்று பாருங்கள். நடுவிலேயே முட்டி நின்றால் சேறு எங்கே போகும்? கட்டையின் மேல் கத்தியால் கீறிய மாதிரி மெல்லிய வெட்டுகள் இருந்தால் அவை ஈரப் பாறைக்கும் ஈரத் தாருக்கும். கரிசலுக்கு அவை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பக்கச் சுவரில் இருக்கும் மேடுகள் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆழமான வண்டித் தடத்துக்குள் இறங்கிவிட்டால் தடத்தின் சுவரைக் கடிப்பது அவைதான்.

இரண்டாம் உலகப்போர் ஜீப்புகளில் வந்த ராணுவ டயர்களின் கட்டைகள் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் ஒரே பிடி. பின்னுக்கு எடுத்துத்தான் வெளியே வர வேண்டும் என்ற நிலை அடிக்கடி வருகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். திசை குறித்த அம்பு போட்டிருக்கும் டயர்கள் முன்னேறுவதில் கெட்டி, பின்வாங்குவதில் கொஞ்சம் மந்தம்.

இனி நஞ்சைக்கு வருவோம். பிசானப் பருவ நடவுக்குத் தொளி அடித்த வயலில் மேலே ஒன்றுமே தாங்காத குழம்பு. ஆனால் வருஷா வருஷம் உழுது மிதித்த வயலில் ஓரடிக்குள்ளேயே இறுகிய அடித்தளம் ஒன்று உருவாகியிருக்கும். தண்ணீரை வயலில் தேக்கி வைப்பதும் அதுதான். டிராக்டருக்குக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி இறக்குகிறவர்கள் மேலே மிதக்க முயல்வதில்லை. இரும்புப் பட்டைகள் குழம்பைக் கிழித்துக்கொண்டு இறங்கி அந்தத் தளத்தில் கால் ஊன்றும். அகல டயரா, ஒல்லி டயரா என்று ஜீப்காரர்கள் ஓயாமல் போடும் சண்டைக்குத் தீர்ப்பு இங்கே இருக்கிறது. அடியில் எட்டும் ஆழத்தில் தளம் இருந்தால் உயரமான ஒல்லி டயர்: குழம்பைப் பிளந்து இறங்கும், முன்னால் தள்ள வேண்டிய சேறும் குறைவு. தளமே இல்லாத சதுப்பு என்றால் அகல டயர், குறைந்த காற்று, மிதந்து போக வேண்டியதுதான். 1980இல் அமேசான் காட்டுப்பாதையில் ஆரம்பித்த கேமல் ட்ரோஃபி பந்தயங்களில் பிற்பாடு ஓடிய லேண்ட் ரோவர்களில் 7.50-16 அளவு டயர்களை நிறையப் பார்க்கலாம். அகலம் வெறும் ஏழரை அங்குலம். இன்று ஊருக்குள் சுற்றும் ஜீப்புகளின் டயர்களில் பல அதைவிட அகலம்.

டிராக்டருக்குக் காற்று டயர் வந்ததே 1932இல்தான். அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி தன் மாடல் யு டிராக்டரில் ஃபயர்ஸ்டோன் காற்று டயரை மாட்டி விற்றது. அதுவரை ஓடிய இரும்புச் சக்கரத்தில் பழகிய விவசாயிகள் ரப்பர் எப்படி மண்ணைப் பிடிக்கும் என்று நம்பவில்லை. அவர்களை மசிய வைக்க, அடுத்த வருஷமே பந்தயக்கார் ஓட்டுநர் பார்னி ஓல்ட்ஃபீல்டை அந்த டிராக்டரில் உட்கார வைத்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். உழுவதற்கும் அந்த வேகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் விற்பனை நடந்தது. டயர் விளம்பரம் அன்றிலிருந்து பெரிதாக மாறிவிடவில்லை.

தேரிக்கு எம்.டி. வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். மணலில் பிடி பாரத்திலிருந்து வருகிறது என்று பார்த்தோம். ஆழக் கட்டைகள் பிடியைக் கூட்டாது, சுழலும்போது மணலை வாரி இறைத்துக் குழிதான் தோண்டும். மொழுமொழுவென்று பெரிய டயரில் காற்றைக் குறைத்து, சக்கரத்தைச் சுழல விடாமல், சீராகப் போக வேண்டும். 1920களின் கடைசியில் ஃபோர்டு கார்களை லிபியப் பாலைவனத்துக்குள் ஓட்டிய பேக்னால்ட், மணலின் நடத்தையைப் பற்றி 1941இல் ஆதார நூலே எழுதினார். அவர் கையில் நாலு சக்கர இழுவையும் இல்லை, எம்.டி. டயரும் இல்லை.

கடைக்குத் திரும்புவோம். மண்ணைப் பார்த்து எம்.டி.தான் என்று முடிவான பிறகும், அந்த வண்டி வருஷத்தில் பெரும்பாலான நாள் தார் ரோட்டில்தான் ஓடப்போகிறது. கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறும் டிராக்டர்களுக்கு அதிகாரிகள் அவ்வப்போது தடை போடுகிறார்கள், ரோடு பெயர்ந்துவிடும் என்பதால். எம்.டி. டயர் ரோட்டைப் பெயர்க்காது, ஓட்டுகிறவரைத்தான் படுத்தும். பள்ளம் நிறைய என்றால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. உயரமான கட்டைகள் பிரேக் அடிக்கும்போது நெளியும். ஈரத் தாரில் வண்டி நிற்கிற தூரம் கூடும், வளைவில் வாலாட்டும். நனைந்த மலைப்பாதையில் எம்.டி. பாதுகாப்பு என்று நினைத்து வேகமாக இறங்குவது அபாயம்.

சத்தம் வேறு. டயரின் சுற்றளவு சுமார் 2.45 மீட்டர். சுற்றில் 34 கட்டைகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டரில் நொடிக்கு 300க்கும் மேற்பட்ட கட்டைகள் தரையை அறையும். அது 300 ஹெர்ட்ஸ் சுருதி, காதுக்கு நன்றாகவே கேட்கும். எல்லாக் கட்டையும் ஒரே அளவில் இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும். அதனால்தான் கட்டைகளின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மாற்றி வார்க்கிறார்கள். சத்தம் குறையாது, பல சுருதிகளில் சிதறி இரைச்சலாகும். கட்டைகளின் முன்விளிம்பும் பின்விளிம்பும் வெவ்வேறாகத் தேய ஆரம்பித்தால் இரைச்சல் ஏறும். டயர்களை இடம் மாற்றிப் போடுவதில் எம்.டி. வைத்திருப்பவர் சோம்பல் படக்கூடாது.

என் கருத்தில் ஜீப் வாங்கும் பத்தில் எட்டுப் பேருக்கு ஏ.டி. போதும். ஆல் டெரெய்ன். அதன் பள்ளம் 11 முதல் 13 மில்லிமீட்டர். எம்.டி.யின் துளைக்கும் ஆழத்தில் கிட்டத்தட்ட முக்கால்வாசி அதிலேயே கிடைக்கிறது. காற்றைக் குறைக்கத் தெரிந்த ஏ.டி.காரர், 32 பிஎஸ்ஐயோடு சேற்றில் இறங்கும் எம்.டி.காரரைத் தாண்டிப் போய்விடுவார். ஆகவே டயருக்கு முன்னால் வாங்க வேண்டியவை ஒரு காற்றளவு மானியும் வண்டி பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரஸரும். சேறு வந்தால் 15, 18 வரை இறக்குங்கள். அதற்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. தாரில் ஏறியதும் முதல் வேலை காற்றை நிரப்புவது. குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் பக்கச் சுவர் நெளிந்து நெளிந்து சூடேறி வெடிக்கும்.

எம்.டி.யே வேண்டும் என்கிறவர்கள் அளவில் பேராசைப்பட வேண்டாம். 245/75 ஆர் 16 டயரின் விட்டம் 774 மில்லிமீட்டர். 265/75 ஆர் 16க்கு மாறினால் 804. அச்சு உயர்வது 15 மில்லிமீட்டர்தான், ஆனால் வண்டியின் கியர் விகிதம் முழுவதுமே 4 சதவீதம் தளர்ந்துபோகும். ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83இல் ஓடும். முழுத் திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசலாம். சேறு அப்பினால் நிச்சயம் உரசும். கரிசல் சேறு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தையே சுற்ற விடாமல் நிறுத்திவிடும், அதனால் இடைவெளி தாராளமாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து நடந்து காப்பீட்டுக்குப் போகும்போதுதான் அது பலருக்கு ஞாபகம் வரும்.

பக்கச் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். அளவுக்கு முன்னால் எல்.டி. என்றிருந்தால் பாரவண்டி வகை, சுவர் தடிப்பு. பிளை கணக்கு சி என்றால் 6, டி என்றால் 8, இ என்றால் 10. கூடினால் கல்லுக்கும் முள்ளுக்கும் அசையாது, ஆனால் சுவர் விறைத்து, காற்றைக் குறைத்தாலும் டயர் பரவ மறுக்கும். ஜிம்னி போன்ற இலகுவான வண்டிக்கு 10 பிளை டயர் மாட்டினால், காற்றைக் குறைத்துப் பரப்பைக் கூட்டும் வித்தையில் பாதி வீணாகிவிடும். வேகக் குறி பெரும்பாலும் க்யூ, அதாவது 160 கிலோமீட்டர். இந்த டயர்களில் அந்த வேகத்தைத் தொட நினைப்பவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காக வாங்காதீர்கள், ஐந்தாக வாங்குங்கள். முன்னச்சும் பின்னச்சும் பூட்டி ஓடும் பழைய முறை நாலு சக்கர இழுவையில் எல்லா டயரின் சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய அளவு ஸ்டெப்னியை முன்னால் மாட்டிவிட்டு நாலு சக்கரத்தையும் இயக்கினால், கெட்டித் தரையில் இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். எங்கோ ஒரு பல்சக்கரம் அதற்கு விலை கொடுக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் சுவரின் இரண்டு பக்கமும் தேடி, டாட் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் வார்த்த டயர். எம்.டி. மெதுவாக விற்கும் சரக்கு, கடை அலமாரியில் வருஷக்கணக்கில் கிடப்பதும் உண்டு. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் இறுகும். ஐந்து டயரிலும் இலக்கம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பழையதாக இருந்தால் வேறு எடுத்துவரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், ஆனால் எடுத்துத் தருவார்.